கமத்து லொறிக்கு டக்கோ வேண்டாமா?

வாசகர் கேள்வி:

"ஐயா, வணக்கம். எனக்கு வயது 29. லிங்கன்ஷயரில் ஸ்போல்டிங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக் கமத்தில் வேலை செய்கிறேன். 18 தொன் லொறி ஓட்டுகிறேன். கோவா, கோலிஃப்ளவர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வயலில் இருந்து பொதிசெய்யும் கொட்டகைக்குக் கொண்டுவருவேன். அங்கிருந்து பீட்டர்பரோ, லெஸ்டர், நொரிச் பக்கம் உள்ள கடைகளுக்குக் கொண்டுபோவேன். அறுவடை நேரம் உழவு இயந்திரமும் ஓட்டவேண்டும். வியாழக்கிழமைகளில் இரவு 10 மணிக்கு லண்டன் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கு ஒரு லோட். சில கிழமைகளில் பக்கத்துக் கமத்துக் கோவாவும் அதே லொறியில் ஏறும், அதற்கு அவர்கள் எங்கள் முதலாளிக்குக் காசு கொடுப்பார்கள். ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதியும் டக்கோ கருவி லொறியில் இருக்கிறது, அதில் சாரதி தன் கார்டைப் போட்டுத்தான் ஓட்டவேண்டும் என்பார்கள். முதலாளி, 'இது ஃபாம் வண்டி, டக்கோவில் கார்ட் போடத் தேவையில்லை, மணித்தியாலக் கட்டுப்பாடும் இல்லை' என்கிறார். வியாழனன்றும் காலை 4 மணிக்கே வயலுக்குப் போய், பின்னேரம் 4 மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுத்தெழும்பி இரவு லொறி எடுப்பேன். போன மாதம் ஏ1 வீதியில் ஒரு லொறியை மறித்து டக்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து மனதில் பயம். முதலாளி சொல்வது சரியா? என் மச்சான் தெட்ஃபர்ட் காட்டில் மரக்குற்றி ஏற்றும் லொறி ஓட்டுகிறார். அவரும் 'எங்களுக்கும் விலக்கு இருக்கு' என்கிறார்."

பெயர் வேண்டாம், ஸ்போல்டிங்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் முதலாளி இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. விவசாயத்துக்கும் காட்டு வேலைக்கும் சாரதி நேர விதிகளில் விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அவர் அதை வண்டிக்குக் கிடைத்த விலக்காக நினைத்துக்கொண்டிருக்கிறார். சட்டம் வண்டியின் பெயரைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஏறிய சாமான் யாருடையது, எவ்வளவு தூரம் போகிறது, வண்டியைப் பாவிப்பது யார் என்ற மூன்றையும் ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கிறது. அதனால் செவ்வாய்க்கிழமை போன்ற ஒரு சாதாரண நாளில் நீங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஓடும் ஓட்டத்துக்கு விலக்கு இருக்கும், வியாழன் இரவுக்கு இருக்காது. அந்த வியாழன் இரவுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. கீழே அதற்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பொது விதியைச் சொல்கிறேன், அதிலிருந்துதான் விலக்குப் பேசமுடியும். இழுவைப் பெட்டியோடு சேர்த்து 3.5 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனம் ஓட்டுபவருக்கு 561/2006 என்ற இலக்கமுள்ள ஒழுங்குவிதி பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிறந்த விதி அது. பிரித்தானியா வெளியேறிய பிறகும் இங்கே சில திருத்தங்களோடு சட்டமாக நிற்கிறது. ஒரு நாளில் 9 மணித்தியாலம் ஓட்டலாம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். ஒரு கிழமைக்கு 56, தொடர்ந்து வரும் இரண்டு கிழமைக்கு 90. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. வேலை தொடங்கியதிலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியால ஓய்வு, அதை ஒரு கிழமையில் மூன்று தடவை வரை 9 ஆகக் குறைக்கலாம். கிழமைக்கு ஒருமுறை 45 மணித்தியால நீண்ட ஓய்வு, அதையும் சில நிபந்தனைகளோடு 24 ஆகக் குறைக்கலாம். இவையெல்லாம் டக்கோகிராஃபில் பதியப்படவேண்டும்.

இப்போது விலக்கு. அந்த ஒழுங்குவிதியின் 13ஆம் பிரிவு, ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் சில வகை வாகனங்களுக்கு விலக்குக் கொடுக்க அனுமதிக்கிறது. பிரித்தானியா 2007இல் கொண்டுவந்த சட்டத்தில் அப்படிக் கொடுத்த விலக்குகளில் உங்களுக்கு வேண்டியது இதுதான்: விவசாயம், தோட்டக்கலை, காடு வளர்ப்பு, பண்ணை, மீன்பிடி செய்யும் நிறுவனம் தன் சொந்த வாகனத்திலோ, சாரதி இல்லாமல் வாடகைக்கு எடுத்த வாகனத்திலோ, தன் சொந்தத் தொழிலின் பகுதியாகச் சாமான் கொண்டுபோனால், நிறுவனம் இருக்கும் இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் ஆரைக்குள் இந்த விதி பொருந்தாது.

இந்த ஒரு வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

100 கிலோமீற்றர் என்றால் ஏறத்தாழ 62 மைல். அது லொறியின் ஓடோமீற்றர் காட்டும் தூரம் அல்ல. கமத்தை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போடுங்கள், அதற்குள் நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஸ்போல்டிங்கிலிருந்து பார்த்தால் பீட்டர்பரோ மிகக் கிட்ட. லெஸ்டர், நொட்டிங்ஹாம், கேம்பிரிட்ஜ் மூன்றும் நேர்கோட்டில் 70 கிலோமீற்றர் அளவில்தான், வசதியாக உள்ளே வரும். பேர்மிங்ஹாமும் ஷெஃபீல்டும் வெளியே. நொரிச் ஒரு வில்லங்கமான இடம். ஹோல்பீச், கிங்ஸ் லின் வழியாக வீதியில் போனால் 100ஐத் தாண்டிவிடும், ஆனால் நேர்கோட்டில் நொரிச் நகரத்தின் நடு கிட்டத்தட்ட 99 கிலோமீற்றரில் நிற்கிறது. உங்கள் கமம் ஸ்போல்டிங்குக்குக் கிழக்கே ஹோல்பீச் பக்கம் இருந்தால் நொரிச் உள்ளே. மேற்கே போர்ன் பக்கம் இருந்தால் அதே கடை, அதே கோவா, வெளியே. நொரிச்சுக்கு அப்பால் கிரேட் யார்மத் பக்கம் ஒரு கடை கூடினாலும் வெளியேதான். கமத்தின் தபால் குறியீட்டையும் கடையின் தபால் குறியீட்டையும் போட்டு நேர்கோட்டுத் தூரம் பார்க்கும் வசதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றிரவே உட்கார்ந்து நீங்கள் போகும் ஒவ்வொரு கடைக்கும் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அளக்கவேண்டியது நிறுவனத்தின் இடத்திலிருந்து. நீங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ லொறி நிறுத்தும் இடத்திலிருந்தோ அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிழக்கு லண்டனில் லேய்ட்டனில் இருக்கிறது. நம் கடைக்காரர் பலரும் விடியப்புறம் போய் வரும் சந்தை, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஸ்போல்டிங்கிலிருந்து நேர்கோட்டில் 135 கிலோமீற்றருக்கு மேல். இதில் ஐயத்துக்கே இடமில்லை. வட்டத்தைத் தாண்டிய பிறகுதான் கார்ட் போடவேண்டும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது பிழை. லண்டனுக்கென்று புறப்படும் பயணம் கமத்தின் வாசலிலிருந்தே முழு விதிக்குள், அதாவது விலக்கில்லாத 561க்குள், வருகிறது. கார்ட் இல்லாமல் வெளிக்கிட்டாலே குற்றம் தொடங்கிவிட்டது.

அடுத்தது "சொந்தத் தொழில்". பக்கத்துக் கமத்துக் கோவாவைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றினால் உங்கள் முதலாளி அந்த நேரத்தில் கமக்காரர் இல்லை, வாடகைக்குச் சாமான் ஏற்றுபவர். அந்த லோட் லெஸ்டருக்குப் போனாலும் விலக்கு இல்லை. அதைவிடப் பெரிய தலையிடி அவருக்கு வேறு பக்கத்தில் இருக்கிறது. லொறியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒப்பரேட்டர் லைசன்ஸ் (தொழிலுக்கு லொறி ஓடவிட நிறுவனத்துக்குக் கொடுக்கும் அனுமதி) டிஸ்க்கைப் பாருங்கள். செம்மஞ்சள் நிறமாக இருந்தால் அது மட்டுப்படுத்தப்பட்ட லைசன்ஸ், சொந்தச் சாமான் கொண்டுபோக மட்டும். மற்றவர் சாமானைக் காசுக்கு ஏற்ற நீல நிறமோ பச்சை நிறமோ வேண்டும். அயலவருக்கு உதவி செய்வதாகத்தான் உங்கள் முதலாளி நினைத்திருப்பார், நானும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த உதவிக்காக அவருடைய லைசன்ஸே போகலாம் என்பது அவருக்குத் தெரியவேண்டும். மென்மையாகச் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள்.

அதே டிஸ்க்கில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சில இடங்களில் கமம் ஒரு கம்பனி, பொதிசெய்யும் கொட்டகை இன்னொரு கம்பனி, லொறி மூன்றாவது கம்பனியின் பெயரில் இருக்கும். குடும்பம் ஒன்றுதான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் நிறுவனங்கள் வேறு. அப்படியிருந்தால் "சொந்தத் தொழில்" என்று சொல்வது கடினமாகிவிடும்.

சரி, விலக்குக்குள் வரும் நாட்களில் ஒரு கட்டுப்பாடும் இல்லையா? இங்கேதான் பெரும்பாலான கமக்காரர் தடுக்கி விழுகிறார்கள். 561இலிருந்து வெளியே வந்தால் நேரே 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் உள்நாட்டு விதிக்குள் விழுகிறீர்கள். அதில் ஒரு நாளில் வீதியில் ஓட்டக்கூடியது 10 மணித்தியாலம், கடமையில் இருக்கக்கூடியது மொத்தம் 11 மணித்தியாலம். கடமை என்றால் ஓட்டுவது மட்டும் இல்லை, அதே முதலாளிக்காகக் கொட்டகையில் பெட்டி அடுக்கினாலும் கடமைதான். டக்கோ தேவையில்லை, ஆனால் கிழமைப் பதிவுப் புத்தகம் எழுதவேண்டும். வண்டி இலக்கம், கடமை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓட்டிய நேரம் என்று ஒரு நாளைக்கு ஒரு வரிசை, எழுதி முடிக்க இரண்டு நிமிடம் போதும்.

உள்நாட்டு விதியில் கமத்துக்கு இரண்டு சலுகைகள் உண்டு. விவசாய, காட்டு வேலையில் பொது வீதிக்கு வெளியே, வயலுக்குள்ளும் கமத்துப் பாதையிலும் ஓட்டும் நேரம் ஓட்டிய நேரமாகக் கணக்கில் வராது, கடமை நேரமாக மட்டும் வரும். இன்னொன்று, ஒரு கிழமையின் எந்த நாளிலும் 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டாத சாரதிக்கு அந்தக் கிழமை முழுவதும் 11 மணித்தியாலக் கடமை எல்லை பொருந்தாது. அறுவடைக் காலத்தில் காலை 4 மணியிலிருந்து மாலை வரை கமத்தில் நிற்பவர்களில் பலர் சட்டத்துக்குள் நிற்பது இந்தச் சலுகையால்தான். உங்கள் முதலாளியின் "கட்டுப்பாடு இல்லை" என்ற பேச்சும் இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எப்போதோ யாரோ சரியாகச் சொன்னதைப் பாதி மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்.

அந்த வியாழன் இரவு இதையெல்லாம் குலைத்துப்போடுகிறது. லண்டனுக்குப் போய்வர ஓட்டம் மட்டுமே 5 மணித்தியாலம் அளவில் வரும். ஒரே நாளில் 4ஐத் தாண்டியதும் அந்தக் கிழமை முழுவதற்கும் இருந்த கடமைச் சலுகை போய்விடுகிறது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் 4 மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் 5, 6 மணி வரை நின்றிருந்தால், லொறி எடுத்த அந்த நாட்களெல்லாம் 11 மணித்தியால எல்லையை மீறிய நாட்களாகிவிடும். அதோடு, ஒரு கிழமையில் ஒருமுறை முழு விதிக்குள் ஓட்டினாலும் அந்தக் கிழமையில் செய்த மற்ற வேலைகளையெல்லாம், விலக்குப் பெற்ற ஓட்டங்களையும் சேர்த்து, "வேறு வேலை" என்று பதியவேண்டும். கிழமை ஓய்வும் முழு விதிப்படி எடுக்கவேண்டும். விலக்கான ஓட்டத்தை ஓய்வு என்று காட்டவே முடியாது.

இப்போது உங்கள் வியாழனை மணிக்கூட்டோடு பார்ப்போம். காலை 4 மணிக்கு வேலை தொடங்குகிறீர்கள். முழு விதியில் அதிலிருந்து 24 மணித்தியாலம், அதாவது வெள்ளி காலை 4 மணிக்குள், தொடர்ச்சியாக 11 மணித்தியால ஓய்வு முடிந்திருக்கவேண்டும். குறைத்தாலும் 9. நீங்கள் எடுப்பது பின்னேரம் 4 முதல் இரவு 10 வரை, 6 மணித்தியாலம். ஓய்வை 3 ஆகவும் 9 ஆகவும் பிரித்து எடுக்கும் வழி ஒன்று உண்டு, ஆனால் அந்த 9ஐ வைக்க இடமே இல்லை, அந்த நேரம் நீங்கள் லண்டன் போகும் எம்11 வீதியில் நிற்கிறீர்கள். ஆக, டக்கோவில் கார்ட் போட்டிருந்தால் அது ஓய்வு மீறலை அப்படியே காட்டியிருக்கும். கார்ட் போடாததால் மீறல் இல்லாமல் போகவில்லை, பதிவு செய்யாத குற்றம் ஒன்று கூடியிருக்கிறது. ஓட்டுநர் கார்ட் இல்லாமல் ஓடிய ஓட்டத்தை அந்த மெஷின் தன் நினைவில் தனியாகக் குறித்து வைத்திருக்கும். அதிகாரி கொண்டுவரும் கருவியைச் செருகியதும் அது முதலில் கண்ணில் படும்.

வீதியில் மறிக்கும் டி.வி.எஸ்.ஏ. (சாரதி, வாகனத் தரங்களைக் கண்காணிக்கும் அரச அமைப்பு) அதிகாரி ஒரு மீறலுக்கு 300 பவுண்ட் வரை அந்த இடத்திலேயே தண்டம் விதிக்கலாம். 2018 மார்ச் முதல் கடந்த 28 நாளில் நடந்த மீறல்களுக்கும் சேர்த்து விதிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஒரே சோதனையில் 1,500 பவுண்ட் வரை போகலாம். அது முதலாளியின் பைக்குள் இருந்து வராது, உங்கள் பெயரில் வரும். பொய்ப் பதிவு செய்தால் நீதிமன்றமும் சிறையும் வரை போகும். அதனால் யார் சொன்னாலும் விட்டுப்போன பழைய நாட்களை இப்போது உட்கார்ந்து கற்பனையாக எழுதி நிரப்ப வேண்டாம். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்.

தண்டத்தைவிட எனக்குப் பயம் வேறு. காலை 4 மணிக்கு எழும்பிய உடம்பு அடுத்த நாள் காலை 3 மணிக்கு 18 தொன்னை ஓட்டுகிறது. 2001 பெப்ரவரி 28ஆம் திகதி, யோர்க்ஷயரில் செல்பிக்குப் பக்கத்தில், முதல் நாள் இரவு தூங்காத ஒருவர் காலை 6 மணி கடந்த நேரத்தில் ஓட்டிய லேண்ட் ரோவர் எம்62 வீதியிலிருந்து விலகி ரயில் பாதையில் இறங்கியது. அதில் மோதிய ரயில் தடம்புரண்டு எதிரே வந்த சரக்கு ரயிலோடு மோதி 10 பேர் இறந்தார்கள். ஓட்டும்போது தான் தூங்கிவிடவில்லை என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை, 5 வருடச் சிறை. அவர் ஓட்டியது உங்கள் லொறியைவிட எவ்வளவோ சிறிய வண்டி. 11 மணித்தியால ஓய்வு என்ற எண்ணைச் சட்டம் சும்மா போட்டு வைக்கவில்லை, தம்பி. நீங்கள் ஓட்டும் வீதியில் மற்றவர்களின் பிள்ளைகளும் போகிறார்கள்.

லண்டன் ஓட்டத்தை விடவேண்டியதில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும். ஓய்வுக் கணக்கை மட்டும் பார்த்தால் வியாழன் பகல் 11 மணிக்கு வயலை விட்டால் இரவு 10 வரை 11 மணித்தியாலம் கிடைத்துவிடும். ஆனால் இன்னொரு சட்டமும் இருக்கிறது. முழு விதிக்குள் கிழமைதோறும் ஓட்டுபவருக்கு 2005ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்து வேலைநேரச் சட்டம் வரும். அதில் சராசரி கிழமைக்கு 48 மணித்தியாலம், எந்தக் கிழமையும் 60க்கு மேல் கூடாது. நள்ளிரவுக்கும் காலை 4 மணிக்கும் இடையில் வேலை செய்தால், எழுத்தில் வேறு உடன்படிக்கை இல்லாதவரை, 24 மணித்தியாலத்தில் மொத்த வேலை 10ஐத் தாண்டக்கூடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வியாழன் பகல் உங்களுக்கு வேலையே இருக்கக்கூடாது. புதன் மாலை வழக்கம்போல முடியுங்கள், வியாழன் பகல் நன்றாகத் தூங்குங்கள், இரவு 10க்குக் கார்ட் போட்டுப் புறப்படுங்கள், சந்தையில் இறக்கி முடித்து 45 நிமிட இடைவேளையும் எடுத்து விடியும்போது வந்து சேருங்கள். வெள்ளி பகல் வயல் வேண்டாம். இதற்கு முதலாளிக்கு இன்னொரு ஆள் ஒன்றரை நாளுக்குத் தேவைப்படும். அதன் செலவு அவருக்குத் தெரியும், ஆனால் இப்போது அந்தச் செலவை உங்கள் நித்திரைதான் கட்டிக்கொண்டிருக்கிறது.

உழவு இயந்திரம் பற்றி அதிகம் இல்லை. விவசாயத்துக்கும் காட்டு வேலைக்கும் பாவிக்கும் உழவு இயந்திரங்களுக்குத் தனி விலக்கு உண்டு, அதற்கும் அதே 100 கிலோமீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடவே முடியாத வண்டிக்கு இந்த விதி ஆரம்பத்திலிருந்தே பொருந்தாது. இங்கே சாதாரண உழவு இயந்திரத்தின் வேக எல்லை 2015 மார்ச்சிலிருந்து மணிக்கு 25 மைல், அதுவும் ஏறத்தாழ அந்த 40தான். ஆனால் வேகமாக ஓடும் புதிய ரக இயந்திரங்களும் வந்துவிட்டன, அவற்றுக்குத் தூர எல்லையை மறக்கவேண்டாம். மாரி காலத்தில் சீனிக் கிழங்கை உங்கள் கமத்து இயந்திரத்தில் விஸ்ஸிங்டன் சீனி ஆலைக்குக் கொண்டுபோனால் தூரப் பிரச்சினை இல்லை, நேர்கோட்டில் 50 கிலோமீற்றருக்குள். அதே கிழங்கை ஒரு வாடகை லொறிக் கம்பனி ஏற்றினால் அந்தச் சாரதிக்கு விலக்கு இல்லை. உழவு இயந்திரம் ஓட்டும் நாட்களையும் அதே பதிவுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள், பிறகு கணக்குக் கேட்டால் கையில் இருக்கும்.

உங்கள் மச்சானுக்கும் இதே பதில். தெட்ஃபர்ட்டில் மரம் வெட்டும் நிறுவனம் தன் சொந்த லொறியில், தன் மரத்தை, 100 கிலோமீற்றருக்குள் மர ஆலைக்குக் கொண்டுபோனால் விலக்கு. மரக்குற்றி ஏற்றுவதையே வாடகைத் தொழிலாகச் செய்யும் கம்பனியில் அவர் வேலை செய்தால், ஏற்றுவது காட்டு மரம் என்பதால் அவர் கம்பனி காட்டு நிறுவனம் ஆகிவிடாது. "சாரதி இல்லாமல் வாடகைக்கு எடுத்த" என்ற சொல் சட்டத்தில் இருப்பதே இதற்காகத்தான். சம்பளச் சீட்டில் எந்தக் கம்பனியின் பெயர், லொறியின் டிஸ்க்கில் யாருடைய பெயர் என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் கார்ட் போடவேண்டியவராகத்தான் இருப்பார்.

மாடு, ஆடு ஏற்றுபவர்களும் அடிக்கடி கேட்பதால் ஒரு வரி. உயிருள்ள விலங்குகளைப் பண்ணையிலிருந்து உள்ளூர்ச் சந்தைக்கோ, சந்தையிலிருந்து உள்ளூர் இறைச்சிக்கூடத்துக்கோ 100 கிலோமீற்றருக்குள் கொண்டுபோக யாருடைய லொறியானாலும் விலக்கு உண்டு. பண்ணையிலிருந்து நேரே இறைச்சிக்கூடத்துக்கு என்றால் அந்த விலக்கு வராது. பண்ணைக்காரர் தன் விலங்கைத் தன் வண்டியில் கொண்டுபோனால் மட்டும் மேலே சொன்ன கமத்து விலக்கில் வரலாம். பண்ணைகளில் பால் சேகரிக்கும் வண்டிக்கு விலக்கு உண்டு, அதற்குத் தூர எல்லை இல்லை. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு. வட அயர்லாந்துக்குச் சட்டம் தனி.

சி.பி.சி., அதாவது தொழிலாக லொறி ஓட்டுபவருக்கு வேண்டிய தகுதிச் சான்று, பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அது வேறு சட்டம். நேர விதியில் விலக்குக் கிடைத்தது என்பதற்காக சி.பி.சி. பயிற்சியும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். லொறி ஓட்டுவதே உங்கள் முதன்மை வேலை என்றால் அந்தக் கார்ட்டும் கையில் செல்லுபடியாக இருக்கட்டும்.

வரும் கிழமை செய்யவேண்டியது. விலக்கான பயணங்களுக்கு டக்கோவில் "அவுட்" (விதிக்கு வெளியே) என்ற நிலையைத் தெரிவு செய்து ஓட்டுங்கள், கிழமைப் பதிவுப் புத்தகத்தையும் எழுதுங்கள். வட்டத்துக்கு வெளியே போகும் பயணத்துக்கும் பிறர் சாமான் ஏறும் பயணத்துக்கும் கார்ட் போடாமல் வண்டியை நகர்த்தவேண்டாம். அந்தக் கிழமைகளில் வயலில் செய்த வேலை நேரத்தையும் மெஷினில் கையால் பதியுங்கள். மெஷின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்டிருக்கவேண்டும், கதவோரமோ மெஷின் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் திகதி இருக்கும். "கமத்து வண்டி" என்று சொல்லி அதைச் செய்யாமல் விட்டிருக்கவும் கூடும்.

முதலாளியிடம் பேசும்போது சட்டம் படித்தவர்போல் நின்று பேசவேண்டாம். "சேர், செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கு நீங்கள் சொன்னது சரி. லண்டன் ஓட்டம் 100 கிலோமீற்றரைத் தாண்டுகிறது, அதற்கு எனக்குக் கார்ட் வேண்டும், அதற்கு முன் ஓய்வும் வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். அவருடைய போக்குவரத்து ஆலோசகரிடமோ விவசாயிகள் சங்கத்திடமோ கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள். பேசியதை அன்றிரவே ஒரு சின்ன மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவிடுங்கள், "இன்று நாங்கள் கதைத்தபடி" என்று தொடங்கினால் போதும். அதற்குப் பிறகும் கார்ட் இல்லாமல் போகச் சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேலைநேர உரிமையைக் கேட்டதற்காகவோ, சட்ட மீறலை முறையாக வெளிப்படுத்தியதற்காகவோ வேலையை விட்டு நிறுத்துவதை 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் தடுக்கிறது. வேலையிடப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் அக்காஸ் அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம், ஆங்கிலம் பேசத் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். அந்த நிலை வந்தால் என்ன நடந்தது, எந்தத் திகதி, யார் சொன்னது என்று எழுதி எனக்கும் அனுப்புங்கள், அடுத்த கட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.